புகைப்புரையில் வைக்காத குட்டிகள்

எங்கள் பக்கத்தில் ஜூன் மாதம் துணி காயாது, சார். நாகர்கோவிலில் காற்று உண்டு, உங்களுக்கு இது ஒரு விஷயமாகத் தோன்றாது. பாறசாலையைத் தாண்டி உள்ளே வந்தால் இருக்கிற கொஞ்ச வெயிலையும் ரப்பர் மரங்கள் வாங்கிக்கொள்கின்றன. துவைத்த துணி கொடியில் கிடந்து கிடந்து ஒரு வாடை பிடித்துவிடும். அதனால் ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைக்கிற புகைப்புரை உள்ள வீட்டுக்காரர்கள், ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைக் கட்டி, பிள்ளைகளின் யூனிபாரத்தையும் அங்கேயே உணக்குவார்கள். மழைக்காலத்தில் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் புகை மணக்கத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

என் வீட்டை அடுத்த ரப்பர் விளையைத் தாண்டினால் செல்லபாய் அக்காவின் வீடு. அவருடைய புகைப்புரை சின்னது, ஒரு ஆள் குனிந்து நுழையலாம். தரையில் தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் கங்காகக் கிடக்கும். மேலே கழிகளில் ஷீட்டுகள் தொங்கும். வாசலை ஒட்டி, புகை குறைவாகவும் சூடு சீராகவும் இருக்கிற மூலையில் ஒரு ஓலைக் கடவம், பெரிய கூடை, வைத்திருப்பார்கள். மழையில் ஆடு ஈன்றால் குட்டியைச் சாக்கால் துடைத்து, தாயிடம் சீம்பால் குடிக்க விட்டு, அந்தக் கடவத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். பசிக்கும்போது தாயிடம் விட்டுவிட்டு மறுபடியும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வீட்டில் பிறந்த குட்டி சாவது அபூர்வம்.

அதுதான் என் பிரச்சினையாக இருந்தது.

நீங்கள் கேட்டது ஒரு பத்திதான். “குட்டிகள் எப்படி இறந்தன என்று ஒரு பத்தி எழுதிச் சேருங்கள், ஜிஜி” என்றீர்கள். என் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து “குட்டிகள் இயற்கையாக இறந்தன” என்று எழுதினேன். அதற்கு மேல் அந்தப் பத்தி நகரவில்லை.

என் ஆய்வு என்ன என்பது வழிகாட்டியான உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை எப்படி மனதில் வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். நடந்ததெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

பாலூட்டிகளின் உடம்பில் இரண்டு விதமான கொழுப்பு இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கிறது. பழுப்புக் கொழுப்பு எரித்துச் சூடாக்குகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், ஆனால் பிறப்பு வேறு. எலிக் கருவில் செல்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பழுப்புக் கொழுப்பும் தசையும் ஒரே முன்னோடிச் செல்லிலிருந்து வருவது தெரிந்தது. வெள்ளைக் கொழுப்பு பெரும்பாலும் வேறு வழியாக வருகிறது. அதாவது பழுப்புக் கொழுப்புக்கு உடன்பிறப்பு தசைதான், வெள்ளைக் கொழுப்பு அல்ல. இதை முதலில் வாசித்தபோது நான் பள்ளி ஆசிரியர் அறையில் இருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை. பிள்ளைகள் வந்து கூப்பிட வேண்டியிருந்தது. கல்யாணம், வேலை, வீட்டு லோன் என்று போன என் வாழ்க்கையில் ஏதோ ஒன்று என்னிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

ஆட்டுக்குட்டியின் விஷயம் இன்னும் விசித்திரமானது. பிறக்கும்போது அதன் சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பது பழுப்புக் கொழுப்பு. சில வாரங்களில் அதே இடத்தில் இருப்பது வெள்ளைக் கொழுப்பு. அந்தப் பழுப்புச் செல்லே குணம் மாறி வெள்ளையாகிறதா, அல்லது அது அழிந்து, வேறு மூலத்திலிருந்து வந்த செல் அந்த இடத்தில் குடியேறுகிறதா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்தேன். நாற்பது தாண்டிய பெண் எதற்காக இப்படி ஆட்டுக் கொழுப்பைத் தேடி அலைகிறாள் என்று என் வீட்டிலேயே பேச்சு உண்டு.

அனுமதி கொடுத்த கமிட்டி ஒரு நிபந்தனை வைத்தது. எந்தக் குட்டியையும் இதற்காகக் கொல்லக்கூடாது. தானாக இறந்ததை மட்டும் எடுக்கலாம். வளர்ந்த குட்டிகள் இறைச்சிக்கடையில் கிடைத்தன. பிறந்த குட்டியை யாரும் அறுப்பதில்லை. காரக்கோணம் பக்கத்திலிருந்தும் காஞ்சிரங்குளத்திலிருந்தும் ஆட்கள் போன் செய்வார்கள். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேருவதற்குள் திசு கெட்டிருக்கும். எனக்கு வேண்டிய குட்டி பக்கத்திலேயே பிறந்து பக்கத்திலேயே இறக்க வேண்டும். நான் இப்படி ஒரு வாக்கியமாக நினைத்ததாக ஞாபகமில்லை. ஆனால் அதை நினைக்காமல் செல்லபாய் அக்காவின் ஆட்டுக்கூட்டைத் தாண்டிப் போனதாகவும் ஞாபகமில்லை.

மினி, செல்லபாய் அக்காவின் மருமகள். பூவாரில் படகு ஓட்டுகிறவரின் மகள். நான் காஞ்சிரங்குளத்தில் வேலை பார்த்தபோது என்னிடம் ப்ளஸ் டூ படித்தவள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்னதைச் சொன்னபடியே மனதில் வைத்துக்கொள்வாள். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வரும்போது ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி, இது எனக்க டீச்சராக்கும்!”

செல்லபாய் அக்கா சிரித்தார். “அப்போ கொள்ளாம். இனி நீ ஆட்டுக்குக் குழை போடும்போதும் பாடம் படிக்கலாம் மக்கா.”

இந்த வருஷம் அக்காவுக்கு முட்டுவலி கூடிப்போயிருந்தது. புகைப்புரையும் ஆட்டுக்கூடும் வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கின்றன. மழையில் அவரால் இறங்க முடியாது. அதனால் கங்கு அணையாமல் பார்ப்பது, ஈன்ற ஆட்டைக் கவனிப்பது எல்லாம் மினியின் வேலையாயிற்று. அவள் கணவன் ஷாஜி ஜேசிபி ஓட்டுகிறவன், வேலை நடக்கிற இடத்தில் தங்கிவிட்டு வாரக்கடைசியில் வருவான்.

ஒரு மத்தியானம் ஆட்டுக்கூட்டின் படியில் உட்கார்ந்து அவளுக்குப் பழுப்புக் கொழுப்பைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு நாளாயிற்று ஒருவர் அப்படி வாய் திறந்து கேட்டு.

“அப்போ டீச்சரே, குட்டி உள்ளுக்குள்ள அடுப்போட ஆக்கும் பிறக்குது?”

“அப்படியேதான்.”

“நடுங்கண்டாமா?”

“நடுங்காமலே சூடு உண்டாக்கும். மனுஷப் பிள்ளைக்கும் அது உண்டு. தோளுக்கு நடுவில.”

அவள் கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கும் இருக்குமா இப்போ?”

“பெரியவங்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கும்.”

“அதாக்கும் மாமி ஏசும்போ எனக்கு உள்ள எரியுது,” என்று சொல்லி, மேலே வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்:

“உள்ளேயே சூடு இருக்கும்போ, பிறந்ததும் அதைக் கொண்டுபோய்ப் புகையில வைக்கண்டாம். நுரையீரல் பிஞ்சாக்கும். புகை ஆகாது.”

இதில் பொய் ஒன்றும் இல்லை, சார். புகை ஆகாது. குட்டி தன் சூட்டோடுதான் பிறக்கிறது. நான் சொல்லாமல் விட்டது, அந்தச் சூடு அதிக நேரம் தாங்காது என்பதை. உள்ளே எரிவதற்கு இருப்பது கொஞ்சம்தான். சீம்பால் போனால்தான் மேற்கொண்டு எரியும். கூட்டமாகப் பிறப்பதில் சின்னக் குட்டிக்கு அந்தக் கொஞ்சமும் குறைவு. கூடு தரையிலிருந்து உயர்ந்தது, அடிப்பலகைகளுக்கு இடையே விரல் போகிற இடைவெளி உண்டு, மழைக்காற்று அதன் வழியே மேலே வரும். இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

“மாமிக்கிட்ட சொல்லட்டா டீச்சரே?”

“வேண்டாம். பழகினதை விடமாட்டாவ. நீ படிச்ச பிள்ளை. செய்து காட்டு, பிறகு சொல்லலாம்.”

இதை மறந்துபோய்ச் சொன்னேன் என்று என்னால் சொல்ல முடியாது.

முதலில் ஈன்றது கறுத்த ஆடு, மூன்று குட்டிகள். மறுநாள் காலையில் மினி மழைக்குள் வந்தாள். குடை பிடித்திருக்கவில்லை. துவர்த்துத் துண்டில் சுற்றிய குட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அதன் வாயையும் மூக்கையும் துடைத்துச் சுத்தமாக்கியிருந்தாள். டீச்சருக்கு அழுக்காகக் கொடுக்க அவளுக்குக் கூச்சம்.

“சின்னது போச்சு டீச்சரே.”

“மூணு பிறந்தா ஒண்ணு இப்படி ஆகும். உன் தப்பில்ல.”

அவளுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். குட்டி பக்கத்து ஸ்டூலில் இருந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தேன். அது எனக்குச் சிரமமாக இருந்தது. இரக்கத்தால் வந்த சிரமம் இல்லை அது. அவள் படியிறங்கியதும் மேஜைமேல் வைத்துத் திறந்தேன். சிறுநீரகத்தைச் சுற்றி இருந்த கொழுப்பு ஈரல் மாதிரிக் கருஞ்சிவப்பாக இருந்தது. அவ்வளவு புதிய திசுவை நான் அதுவரை தொட்டதில்லை. என் கைகள் தாமாகவே வேலை செய்தன. பாதியில்தான் கவனித்தேன், நான் பாடிக்கொண்டிருந்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடிய பாட்டு. உடனே நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தியது பாட்டை மட்டும்தான்.

அடுத்த ஆடு ஈனுவதற்கு முன்னால் மினி என்னிடம் வந்து கேட்டாள்.

“டீச்சரே, இந்தத் தடவை மட்டும் புகைப்புரையில வைக்கட்டா? எனக்குப் பேடியாட்டு இருக்கு, இதும் போயிருமோன்னு.”

“வைக்கணும்னா வை. அப்போ நான் சொன்னது உனக்கு வெளங்கலேன்னுதானே அர்த்தம்?”

அவள் முகம் சிவந்தது. வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நிற்கும்போது சிவக்கிற அதே சிவப்பு. அந்தச் சிவப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அது வரும் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டேன். மினி பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான் மாதிரிகளுக்காக வெளியூர் அலைய வேண்டி வரவில்லை.

எல்லாக் குட்டிகளும் இறந்துவிடவில்லை. பெலமானவை பிழைத்தன. சின்னவை, மழை கொட்டிய நாட்களில் பிறந்தவை போயின. அதனால்தான் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வரவில்லை. நான் வழக்கம்போல அக்காவின் வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் கப்பைக்கிழங்கும் மத்திக் கறியும் தட்டில் வைத்துத் தருவார். முட்டில் தைலம் தடவிக்கொண்டே கேட்பார்:

“டீச்சரே, நீங்க வந்து குட்டி சாவுதா, குட்டி சாவும்போ நீங்க வாறியளா?”

எல்லோரும் சிரித்தோம். மினிதான் அதிகமாகச் சிரித்தாள். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா என்று அக்கா கேட்டபோது சரி என்றேன்.

பிறகு மழை ஓய்ந்து ஒருநாள் நல்ல வெயில் அடித்தது. அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கியிருக்கிறார். புகைப்புரையில் கங்கு இருந்தது, ஷீட்டுகள் நன்றாகக் காய்ந்திருந்தன. கடவத்தில் மட்டும் கோழி ஏறி முட்டையிட்டு, அடைகாக்க உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்து நாள் பல ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடுக்களை முற்றத்தில் அக்கா நாற்காலியில் இருந்தார். ஷாஜி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மினி கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

“டீச்சரே, இவ சொல்லுகா, குட்டியைப் புகைப்புரையில வைக்கண்டாம்னு நீங்கதான் சொன்னியளாம். சொன்னியளா?”

மினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பயந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. டீச்சர் வந்தாச்சு, இனி டீச்சர் சொல்லிக்கொள்வார் என்ற நிம்மதி. ஈரக் கையைக்கூட நைட்டியில் துடைத்துவிட்டாள், வழக்கு முடிந்துபோன மாதிரி.

“புகை நுரையீரலுக்கு நல்லதில்லைன்னு பொதுவா ஒருநாள் பேச்சுவாக்கில சொன்னதுதான்,” என்றேன். “பிறந்த குட்டியைக் குளிரில போடுன்னு யாராவது சொல்லுவாங்களா அக்கா?”

“கேட்டியாடா ஷாஜி? படிச்ச பொம்பளை அப்படிச் சொல்லுமா? கடவத்தைத் தூக்கிவைக்க இவளுக்கு மடி. அதுக்கு டீச்சருக்க தலையில பழி.”

“டீச்சரே, நீங்க கூட்டுப் படியில இருந்து அன்னைக்கு...”

“நீ மிண்டாம இரு,” என்றான் ஷாஜி. உரக்கச் சொல்லவில்லை. என் முன்னால் மனைவி மரியாதைக் குறைவாகப் பேசிவிடக்கூடாதே என்ற சங்கடத்தில்தான் சொன்னான். என் மேல் இருந்த மதிப்பை அந்த வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மினி அதே பாத்திரத்தை மறுபடியும் எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

“ஒரு ஆட்டுக்குட்டியை நோக்கத் தெரியாதவ, நாளைக்கு எனக்க பேரப்பிள்ளையை எப்படி நோக்குவா?” என்றார் அக்கா.

மினிக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அவள் சட்டென்று வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். வாய் திறக்க அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஷாஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியம் போதும். நான் மணியைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண்வீட்டார் பலகாரங்களோடு வயிறு காண வருவார்கள். அதன் பிறகுதான் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மினியை அதற்கெல்லாம் முன்னாலேயே பூவாரில் கொண்டு விட்டுவிட்டார்கள். பலகாரமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஷாஜியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பிரசவத்துக்குப் பிறகு கூட்டி வருவதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று அக்கா சபையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பைக் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஜன்னலில் நின்றேன். மினி கையை உயர்த்தினாள். எனக்காக உயர்த்தினாளா, முகத்திலிருந்த மழையைத் துடைத்தாளா தெரியாது. நானும் கையை உயர்த்தினேன்.

பிறகு ஷாஜியின் பெரியம்மா வந்து தங்கி ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். கோழியை விரட்டிவிட்டு, கடவத்தில் புதுச் சாக்கு விரித்தார். அதன் பிறகு ஒரு குட்டியும் சாகவில்லை. மினியின் குற்றத்துக்கு ஊரில் அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

இனி உங்கள் அறைக்கு வருகிறேன், சார். நீங்கள் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்துப் பார்த்தீர்கள். “இந்தச் செல்களில் ஒரு துளிக் கொழுப்பு இல்லை பாருங்கள். இருந்ததெல்லாம் எரிந்து தீர்ந்திருக்கிறது. குளிரிலும் பட்டினியிலும் இறந்தால்தான் இப்படி. எல்லாம் ஒரே வீட்டுக் குட்டிகளா?” என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. குணம் மாறிக்கொண்டிருக்கிற செல்கள் என்று நம்பி நான் அம்புக்குறி போட்டுவைத்தவை அவை. அவை எதுவாகவும் மாறிக்கொண்டிருக்கவில்லை. கடைசிவரை எரித்துவிட்டு வெறுமையாகிப் போயிருந்தன. எங்கிருந்து வந்தன என்று அவற்றிடம் கேட்க முடியாது. எப்படி இறந்தன என்பதைத்தான் அவை சொல்லும். ஆய்வுக்கு அவை ஒன்றுக்கும் உதவாது.

பட்டினி என்றீர்கள். குளிர் என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தப் பக்கங்களை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். குளிருக்கு நான் சொன்ன பேச்சு மட்டும்தான் காரணம், பேச்சை எப்படியும் விளக்கலாம். இரண்டாவது ஆடு ஈன்றதிலிருந்து நான் கையில் பாட்டிலோடு போவேன். சோதனைக்கு வேண்டும் என்று சொல்லிச் சீம்பாலைக் கறந்துகொள்வேன்.

“முழுசும் வேணுமா டீச்சரே? குட்டிக்கு?” என்று மினி கேட்பாள்.

“முதல்ல வாற பால்தான் சோதனைக்கு ஆகும். குட்டிக்கு அடுத்தது தானா ஊறும்.”

என் ஆய்வில் பாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அதை வாழைமூட்டில் கொட்டுவேன். வாழை நன்றாக வந்தது. உயிரோடு இருந்த எந்தக் குட்டியின் மேலும் என் கை பட்டதில்லை என்று நான் சில இரவுகளில் ஆறுதல்பட்டுக்கொண்டதும் உண்டு. அது உண்மைதான்.

உங்கள் அறையிலிருந்து வந்த பிறகும் “இயற்கையாக இறந்தன” என்ற அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். மினிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பது தெரியும். மாதம் திகையாமல், குறைப்பிரசவமாகப் பிறந்தது, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அப்போதுதான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். ஷாஜி ஒருமுறை போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான். அக்கா போகவில்லை. போன வாரம், ஐப்பசியின் துலாமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“டீச்சரே, நான் மினி. போனை வைச்சிராதீங்க.”

“சொல்லு மக்கா.”

“பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது. எழுப்பினாலும் உறங்கிக்கிட்டே கெடக்கு. காலு ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்கு.”

“தொப்பி போட்டிருக்கியா? நெஞ்சோட வைக்கச் சொல்லலியா அங்க?”

“தொப்பி, உறை எல்லாம் தந்தாவ. நெஞ்சோட வைக்கவும் சொன்னாவ. நான்தான் கழட்டி வச்சேன். நீங்க சொன்னியளே, மனுஷப் பிள்ளைக்கும் தோளுக்கு நடுவில அடுப்பு உண்டுன்னு. பொதிஞ்சு வைக்கண்டாம்னு அம்மைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

“மினி...” என்றேன். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு மாமிக்க முன்னால நீங்க மாத்திப் பேசினிய. அது போவட்டு டீச்சரே. உங்களுக்கு என்ன கஷ்டமோ. ஆனா பாடம் நீங்க தப்பாச் சொல்லமாட்டியன்னு எனக்குத் தெரியும்.”

என் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது. பிள்ளையின் உடுப்பைக் கழற்று, உன் வெறும் நெஞ்சோடு சேர்த்து வை, தலையில் தொப்பி போடு, உங்கள் இருவரையும் சேர்த்துப் போர்வையால் மூடச் சொல், அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ, இப்போதே. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தாள். அவள் தாய் ஜெயபாய் ஆட்டோவுக்காகத் தெருவில் யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிடுவது கேட்டது. பிறகு போர்வைக்குள்ளிருந்து மினியின் குரல் அடங்கி வந்தது.

“அப்போ அந்த அடுப்பு டீச்சரே?”

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது கொஞ்சம்தான், மாதம் திகையாத பிள்ளைக்கு அதுவும் சேர்ந்திருக்காது, ஆட்டுக்குட்டிக்கும் அதே கதைதான், எனக்கு அது அப்போதே தெரியும். நான் சொன்னது இது:

“அது ஆட்டுக்கு. ஆடு வேற, மனுஷப் பிள்ளை வேற. நீ மாத்தி வெளங்கிக்கிட்டே மக்கா.”

எல்லாப் பாலூட்டிக்கும் பொதுவான ஒன்றைப் படிப்பதற்காகப் பள்ளியில் விடுப்பு எடுத்து வந்தவள் நான்.

தெருவில் ஜெயபாய் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆட்டுக்கு அது சரிதான்னா,” என்றாள் மினி, “குட்டியெல்லாம் செத்தது எனக்க கைக்குத்தம்தானா டீச்சரே? மாமி சொன்னதுதான் சரியா?”

“ஆட்டோ வந்தாச்சா பாரு,” என்றேன்.

குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. மஞ்சள் தொப்பி போட்ட படத்தை மினி அனுப்பியிருந்தாள். கீழே நன்றி டீச்சர் என்று எழுதியிருந்தாள்.

ஆகவே சார், நீங்கள் கேட்ட பத்தி இவ்வளவுதான்: குட்டிகள் குளிராலும் பட்டினியாலும் இறந்தன. குளிரைச் சொல்லி வைத்ததும் பட்டினியைக் கறந்து எடுத்ததும் நான். மினி, டீச்சர் சொன்னதைச் செய்தாள். கமிட்டிக்கு இதை எப்படி அனுப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் மறுக்கமாட்டேன். செல்லபாய் அக்காவிடமும் சொல்லத்தான் போகிறேன். ஒரு ரப்பர் விளையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவருக்குப் பிரஷர் கூடியிருக்கிறது. மினிக்கும் இப்போது தாய்வீட்டில் இருப்பதுதான் நல்லது, அங்கே ஓய்வு கிடைக்கும், பிள்ளையும் தேறட்டும் என்று பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அந்தக் குழந்தை இன்று உயிரோடு இருப்பது என்னால்.